இரண்டரை மணிக்கு முன் இரண்டு கையெழுத்து

மேஜைமேல் கிடந்த கையுறையில் நான்கு விரல்கள் இல்லை.

அறுந்த விரல்கள் பக்கத்திலேயே ஒரு பாலித்தீன் உறைக்குள் கிடந்தன. கொம்பையா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கிற வாய் அவனுக்கு. இப்போது ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"கை?"

"கை உள்ள இல்ல" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மதிவதனி. "சந்திரம்மாள்னு சேரப்பணஞ்சேரில ஒரு பட்டறைல தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டுறாங்க. தையல் பிரிஞ்சிருக்குன்னு கையுறையைக் கழட்டி ஓரமா வெச்சிருக்காங்க. பெடலை மிதிச்சப்ப அது சரிஞ்சு உள்ள விழுந்துருச்சு. மெஷின் நின்னிருக்கணும். நிக்கல."

கொம்பையா மூச்சு விட்டான். வலது கையை மெல்லப் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டான். அந்தக் கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் ஏழு வருஷத்துக்கு முன்னால் வல்லம் வடகாலில் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் பட்டறையில், ஒரு பிரஸ் மெஷினுக்கு அடியில் போயின.

ஒரகடம் கூட்டு ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடி. 'ராஜம்மா துப்பறியும் நிலையம்' என்ற போர்டு. போர்டுக்கு உரிய ராஜம்மா, கொம்பையாவின் முதலாளி, கையுறையை லென்ஸ் வழியாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் கம்பெனிகளில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவள். எதைக் கொடுத்தாலும் முதலில் பிசிறு இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

"மணி பன்னெண்டே முக்கால்" என்றாள். "கொம்பையா, முகத்த தொங்கப் போட்டுகினு நிக்காத. நீ சொல்லும்மா. கம்ப்யூட்டர் பாஷ வேணாம். எங்க பாஷைல சொல்லு."

மதிவதனி சொன்னாள். பிரஸ் மெஷினுக்குள் கை நுழைந்தால் சட்டென்று நிறுத்துகிற ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு உள்ளே ஓடுகிற மென்பொருளின் பெயர் 'கைக்காவல்'. காசு கொடுத்து வெளிநாட்டுப் பெட்டி வாங்க முடியாத சின்னப் பட்டறைகளுக்காக நாலு பேர் சேர்ந்து எழுதியது. எழுதிய வரிகள் ஊரறியத் திறந்து கிடக்கும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், சும்மா பயன்படுத்தலாம். இந்த வட்டாரத்தில் எழுபத்துநாலு பட்டறைகளில், இருநூற்றுச் சொச்சம் மெஷின்களில் அது ஓடுகிறது. புதுப் பதிப்பை வெளியே விடுகிற வேலை, அதாவது ரிலீஸ், மதிவதனியின் பொறுப்பு.

"ரிலீஸ்னா சும்மா பொத்தான அமுக்குறதில்ல மேடம். எழுதுறத நிறுத்தணும். பதிப்புக்கு நம்பர் வைக்கணும். டெஸ்ட் பிரஸ்ல ஓட்டிப் பாத்து, முதல் பீஸ அடிச்சு, டேக் கட்டி, போட்டோ அனுப்பணும். அதப் பாத்து ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். கம்ப்யூட்டர் கையெழுத்துதான், ஆனா ரெண்டு சாவி வேணும். ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இசக்கிதுரைகிட்ட. இன்னைக்குக் காலைல 3.2ங்கிற பதிப்பு அப்படித்தான் வெளிய போச்சு."

"எல்லாம் சரியாத்தான் கீது. அப்புறம் இன்னாத்துக்கு விரலு போச்சு?"

"டெஸ்ட் பாஸான ஃபைல் விரல வெட்டாது மேடம். நடுவுல யாரோ மாத்திருக்காங்க." மதிவதனியின் குரல் கம்மியது. "சேரப்பணஞ்சேரில கரண்ட் போயி வந்ததால அந்த ஒரு மெஷின் மட்டும் முன்கூட்டியே புதுசை எடுத்துருச்சு. மத்ததெல்லாம் ரெண்டரைக்கு ஷிஃப்ட் மாறி ஆன் பண்றப்ப எடுக்கும். ரெண்டு கையெழுத்து இருக்குற பெரிய நம்பர் எதுவோ, அத எடுத்துக்கும்."

"விட்டத திருப்பி வாங்கிடு."

"வாங்க முடியாது. நகல் பல இடத்துக்குப் போயிருச்சு. அதவிடப் பெரிய நம்பர்ல நல்லத விடணும். அதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும். பட்டறைகளுக்குப் போன் போட்டோம். பதினாறு பேர்தான் எடுத்தாங்க. அதுலயும் பாதிப் பேர், ஆர்டர் நிக்குது, அப்புறம் பேசுங்கன்னு வெச்சுட்டாங்க."

"இசக்கிதுரை?"

"காலைல அஞ்சரைக்குக் கையெழுத்துப் போட்டாரு. ஆறு மணில இருந்து போன் ஆஃப். போன ஞாயித்துக்கிழமை என்கிட்ட சண்ட போட்டு, இதான் என் கடைசி ரிலீஸ்னு சொல்லிட்டுப் போனாரு. வெளிநாட்டுப் பெட்டி விக்கிற கம்பெனில சேந்துட்டதா பேசிக்கிறாங்க." அவள் தயங்கினாள். "புதுப் பதிப்புல இருக்குற மாத்தமும் அவர் எழுதினதுதான்."

கொம்பையாவுக்கு வாய் திரும்பியது. "அப்பம் கதை முடிஞ்சி போச்சுக்கா. ஆளப் பிடிச்சி ரெண்டு இழுப்பு இழுத்தா எல்லாத்தையும் கக்கிருவான்."

"உன்னாண்ட கீறது எட்டு விரலு. எத்த வெச்சு இழுப்ப? வண்டிய எடு."

பைக்கின் பின்சீட்டில் ஏறும்போதே ராஜம்மா முகம் சுளித்தாள். "இன்னா நைனா, சீட்டெல்லாம் கிரீஸு?"

"திங்கக்கெழம அண்ணாச்சி பிரஸ்ல மாட்டுற இரும்பு அச்ச, அந்த டைய, இதுலதான் வச்சி கிரைண்டிங்குக்குக் கொண்டு போனேன். ஓரத்துல சின்னதா ஒடஞ்சிருந்துச்சி. அடிக்கிற பீஸுலல்லாம் பெறநெலா மாதிரி ஒரு தழும்பு விழுது, கொம்பையா, கொஞ்சம் கொண்டு போயிட்டு வந்துருன்னாரு. அவரு கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமாக்கா?"

சொல்ல மாட்டான். ஊரே அவனைச் மொண்டிக்கை என்று கூப்பிட்ட நாளில், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தேம்பி அழுதவர் ஆறுமுகநயினார். அவன் விரலைத் தின்ற அதே பிரஸ்ஸைத்தான் கைக்காவல் டெஸ்ட்டுக்கென்று அவர் இலவசமாகக் கொடுத்திருந்தார். டெஸ்ட் ஓட்டிப் போட்டோ அனுப்புவதும் அவர்தான்.

லாரிகளுக்கு நடுவே பைக் பாய்ந்தது. மதிவதனியின் ஸ்கூட்டர் பின்னால் வந்தது.

*

வடகாலில் இசக்கிதுரையின் அறை, ஒரு மாடியில் வரிசையாக எட்டுக் கதவுகள் இருந்ததில் ஆறாவது. கதவைத் திறந்தவன் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அறைக்காரன்.

"அவன் எங்க வேலைக்குப் போறாம்னு தெரியாதுண்ணே. நான் வரும்போது அவன் போயிருப்பான். அவன் வரும்போது நான் போயிருப்பேன். ஒரே கட்டில்தான், ரெண்டு பேரும் பாத்தே பத்து நாளாவுது." சொல்லிவிட்டு அவன் மறுபடி படுத்துக்கொண்டான்.

மணி ஒன்று பத்து. கொம்பையா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பெட்டி இல்லை, பணம் இல்லை, ஓடிப்போகிற ஆள் விட்டுப் போகிற எதுவும் இல்லை. ராஜம்மா அலமாரியை மட்டும் பார்த்தாள். அதில் ஒரு காலி அட்டைப்பெட்டி. கைக்கடிகாரம் வந்த பெட்டி. பில்லில் போன வாரத் தேதி.

"கொம்பையா, நீ வாட்ச் கட்டுவியா?"

"போன் இருக்கும்போது வாட்ச் எதுக்குக்கா? மாப்பிள்ள பாக்க வரும்போது கட்டிக்கலாம்."

"அதான். போன் கீறவன் போன வாரம் இன்னாத்துக்குப் புதுசா வாட்ச் வாங்குறான்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். கொடியில் வெளிர்நீலச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கொம்பையா உற்றுப் பார்த்தான். சட்டையில் பாக்கெட்டே இல்லை.

"யாத்தி! அது நம்ம எஸ்டேட்டு கடைசில இருக்குற கம்பெனி சட்டையில்லா? உள்ள ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொண்டு போவ முடியாது. போனக் கேட்லயே லாக்கர்ல வச்சிப் பூட்டிருவாவ."

"ஆறு மணிக்கு லாக்கர்ல போன வெச்சிகினான். மணி பாக்க வாட்ச் கட்டிகினான். ஓடிப்போனவன் இல்ல. ஷிஃப்டுக்குப் போனவன்." ராஜம்மா படியிறங்கினாள். "ஆனா ஷிஃப்டுக்குப் போறவனும் தப்பு பண்ணிட்டுப் போலாம். வா."

*

கம்பெனி கேட்டில் மணி ஒன்று இருபத்தைந்து. செக்யூரிட்டி தலையைத் தூக்கவே இல்லை.

"டியூட்டில கீற ஆள கூப்பிட முடியாது."

"அண்ணே, அவம் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி" என்றான் கொம்பையா, முகத்தை அந்த நிமிஷமே பரிதாபமாக மாற்றிக்கொண்டு.

செக்யூரிட்டி ரெஜிஸ்டரைப் புரட்டினான். "கல்யாணம் ஆவலன்னு போட்டுக்குது."

"அப்பம் விஷயம் நீங்க நெனைக்கதவிடப் பெருசுண்ணே."

ராஜம்மா அவனை ஓரமாகத் தள்ளினாள். பையிலிருந்து அறுந்த கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். செக்யூரிட்டியின் முகம் மாறியது.

"இத்த இசக்கிதுரையாண்ட குடு. சாப்பாட்டு நேரம்தானே. ஒண்ணும் சொல்ல வேணாம். காட்டினா போதும்."

கையுறை உள்ளே போனது. கொம்பையா அவள் காதருகே வந்தான். "அக்கா, காரியத்தக் கெடுத்திட்டியளே. குத்தவாளி இதப் பாத்தா பின்வாசல் வழியா ஓடிருவாம்லா?"

"ஆமா. அத்தத்தான் பாக்கப் போறேன். வர்றானா, ஓடுறானான்னு."

மூன்று நிமிஷம் ஆனது. மதிவதனி ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றாள். நாலாவது நிமிஷம் வெளிர்நீலச் சட்டை ஒன்று, தலையில் வலைத்தொப்பியோடு, கையில் கையுறையோடு, கேட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடி வந்தது.

"யாரு கை?" என்று கத்தினான் இசக்கிதுரை. "மதி, யாரு கை இது?"

ராஜம்மா கொம்பையாவைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்ச். விஷயத்தைக் கேட்ட இசக்கிதுரை வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். வெளிநாட்டுப் பெட்டிக் கம்பெனி எதிலும் அவன் சேரவில்லை. இங்கே லைன் இன்ஜினியர் வேலை கிடைத்தது, பன்னிரண்டு மணி நேரம், கைக்காவலுக்கு இனி நேரம் கிடைக்காது. கடைசி ரிலீஸ் என்றதன் அர்த்தம் அவ்வளவுதான். அதை ஒழுங்காகச் சொல்லாமல் கோபத்தில் சொல்லித் தொலைத்திருந்தான்.

"மாத்துனது நாந்தான். எண்ணெப் புகை பட்டாலே, ஈ பறந்தாலே மெஷின் நின்னுருதுன்னு எல்லாப் பட்டறையிலயும் ஏசுனாவ. கொஞ்சம் பொறுத்துப் பாத்து, கைதான்னு தெரிஞ்ச பெறவு நிறுத்துன்னு எழுதுனேன். அந்தப் பொறுக்குற நேரம் வேகமான மெஷினுக்குக் கூடிப்போயிருக்கும். தப்புதான். ஆனா அதப் பிடிக்கத்தானே டெஸ்ட்டு? முதல் பீஸ் போட்டோ பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"நானும் அதப் பாத்துத்தான் போட்டேன்" என்றாள் மதிவதனி. அவள் லேப்டாப்பைத் திறந்து ஃபைலை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஃபைல யாரும் மாத்தல. நாம கையெழுத்துப் போட்ட அதே ஃபைல்தான்."

"அப்போ பாஸ் ஆவாதது பாஸ் ஆயிக்குது" என்றாள் ராஜம்மா. "அந்த போட்டோவ காட்டு."

திரையில் ஒரு இரும்பு பிராக்கெட். துவாரத்தில் நூல் கட்டி, நூலில் டேக். 'கைக்காவல் 3.2, புதன், பாஸ்' என்று நீல மையில் எழுத்து. ராஜம்மா லென்ஸை எடுக்கப் போனாள்.

லென்ஸ் தேவைப்படவில்லை. கொம்பையா பார்த்துவிட்டான். பிராக்கெட்டின் மூலையில், நகம் அளவுக்கு, பிறைபோல ஒரு தழும்பு.

அவனுக்கு டீக்கடை ரேடியோ, லாரி ஹாரன், எதுவும் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பாக்கெட்டுக்குள் இருந்த கையை வெளியே எடுத்தான்.

"யக்கா, அந்த டெஸ்ட் பிரஸ்ஸு டைய நாந்தான் திங்கக்கெழம கொண்டு போனேன். அன்னைக்குச் சாயங்காலமே தீட்டி மாட்டியாச்சி. அதுக்குப் பெறவு அடிச்ச பீஸுல இந்தத் தழும்பு வராது." அவன் திரையில் அந்த மூலையைத் தொட்டுக் காட்டினான். "இது பழைய பீஸு. டேக் மட்டுந்தான் புதுசு."

மணி ஒன்று ஐம்பது.

*

ஆறுமுகநயினார் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாடே கொம்பையா! வாங்க ராஜம்மா. டீ சொல்லவா?" பின்னால் இறங்கிய மதிவதனியையும், அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து லாக்கரிலிருந்து போனையும் சாவியையும் எடுத்துவந்த இசக்கிதுரையையும் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"புதன்கெழம டெஸ்ட்டு நடந்துச்சா அண்ணாச்சி?" என்றான் கொம்பையா.

"நடந்துச்சே. நாலு மணி நேரம்."

கொம்பையா டெஸ்ட் பிரஸ்ஸுக்கு அருகே போனான். டெஸ்ட் எப்படி நடக்கும் என்று அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். கையுறையின் ஐந்து விரலுக்குள்ளும் ஐந்து வெண்டைக்காயைச் செருகி, ஒரு குச்சியில் மாட்டி, பிரஸ் இறங்கும்போது உள்ளே நீட்டுவார்கள். ஒவ்வொரு வேகத்திலும் இருபது அடி. ஒரு காய்கூட நசுங்கக்கூடாது. மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கூடை இருந்தது. உள்ளே ஒரு கிலோ வெண்டைக்காய், கடைக்காரர் கட்டிய காகிதத்தோடு, கட்டு அவிழாமல் வதங்கிக் கிடந்தது.

மெஷினுக்கு மேலே கம்பியில் பழைய முதல் பீஸ்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒன்று. கடைசிக் கொக்கியில் 3.2 டேக் கட்டிய பீஸ் தொங்கியது; அதற்கு முந்தின, 3.1 தொங்கவேண்டிய கொக்கி காலியாக இருந்தது.

"அண்ணாச்சி..." என்றான். காலிக் கொக்கியைத் தொட்டுக் காட்டினான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"லாரி வந்து நின்னுச்சுடே. மத்த ரெண்டு மெஷினும் ரிப்பேரு. இதையும் நாலு மணி நேரம் நிறுத்துனா லோடு போவாது. ஆறு தடவ டெஸ்ட்டு பண்ணியாச்சி. ஆறு தடவையும் பாஸு. இதுவும் பாஸாத்தானே ஆவும்னு பழைய பீஸுல டேக்கக் கட்டி அனுப்பிட்டேன். யாருக்கும் கெடுதல் நெனைக்கல கொம்பையா."

"அன்னைக்கும் லாரி நிக்குன்னுதான் சொன்னிய" என்றான் கொம்பையா. "சீக்கிரம் அடிடே, லாரி நிக்குன்னு. நானும் சீக்கிரம் அடிச்சேன்."

ஆறுமுகநயினார் முகத்தை மூடிக்கொண்டார்.

ராஜம்மா மணியைப் பார்த்தாள். "அழுவுறத அப்புறம் வெச்சுக்கலாம். மணி ரெண்டு அஞ்சு. இப்போ இன்னா பண்ணணும்?"

"பழைய 3.1தான் நல்லது" என்றாள் மதிவதனி. விரல்கள் கீபோர்டில் ஓடின. "அதையே 3.3ன்னு நம்பர் மாத்தி விடுறோம். முழு டெஸ்ட்டுக்கு நாலு மணி நேரம் கிடையாது. அதிக வேகத்துல இருபது அடி மட்டும் அடிக்கலாம்."

"பழசுதானே? அது ஏற்கனவே பாஸானதுல்லா?" என்றான் இசக்கிதுரை. "நேரா கையெழுத்துப் போட்டு விட்டுருவோம். நேரமே இல்ல மதி."

"பாஸாத்தானே ஆகும்னு நெனைச்சதாலதான் எல்லாரும் இங்க நிக்கிறோம். முதல் பீஸ் இல்லாம நான் போட மாட்டேன்."

"முதல்ல 3.2வ ஒரு அடி ஓட்டு" என்றாள் ராஜம்மா. "இவரு கண்ணால பாக்கணும்."

கொம்பையா கட்டை அவிழ்த்துக் கையுறையை நிரப்பினான். ஏழு வருஷமாக அவன் அந்தப் பெடலை மிதித்ததில்லை. இன்றைக்கு வேறு யாரையும் உட்கார விடவில்லை. குச்சியை நீட்டினான், மிதித்தான்.

தடார்.

வெண்டைக்காய் நுனிகள் தரையில் உருண்டு ஆறுமுகநயினாரின் செருப்பருகே போய் நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து மெஷினிடம் வந்தார்.

"3.3க்கு வெண்டைக்கா வேண்டாம்டே. என் கைய வைக்கேன். நிக்கலன்னா எனக்கு அது வேணும்."

கொம்பையா அவர் கையைப் பிடித்துத் தள்ளினான், மூன்று விரல் கையால். "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. இந்தப் பட்டறைல இதுக்கு மேல கை போவக்கூடாது. வெண்டைக்கா போதும்."

3.3 ஏறியது. கொம்பையா வேறொரு கையுறையில் வேறு ஐந்து காய்களைச் செருகினான். முதல் அடி. பிரஸ் பாதியில் நின்றது. இரண்டு. நின்றது. இசக்கிதுரை சத்தமாக எண்ணினான். ஒவ்வொரு அடிக்கும் கொம்பையாவின் தோள் தானாக ஒடுங்கியது. பதினொன்று. பன்னிரண்டு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. பத்தொன்பது. இருபது.

கையுறையை உதறினான். ஐந்து வெண்டைக்காயும் வதங்கியிருந்தன. ஒன்றும் நசுங்கவில்லை.

குச்சியை எடுத்துவிட்டு முதல் பீஸை அடித்தான். மூலையில் தழும்பு இல்லை. ராஜம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். டேக் எழுதினான். மூன்று விரலில் எழுத்து கோணலாகத்தான் வந்தது. மணி இரண்டு இருபத்து நாலு.

"மதி, போடு" என்றான் இசக்கிதுரை.

"நீங்க பீஸக் கைல வாங்கிப் பாத்துட்டுப் போடுங்க. போட்டோ வேண்டாம்."

இருவரும் பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். முதல் கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து. இரண்டு இருபத்தேழுக்கு 3.3 வெளியே போனது.

இரண்டரைக்கு எஸ்டேட்டின் சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதின. சுற்று வட்டாரத்தில் இருநூற்றுச் சொச்சம் மெஷின்கள் ஆன் ஆகிக்கொண்டிருக்கும். ஐந்து பேரும் மதிவதனியின் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு முப்பத்தாறுக்கு அது அடித்தது. சேரப்பணஞ்சேரி நம்பர். மதிவதனி போனை நீட்டினாள். கொம்பையா வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரு, கைக்காவல் ஆளுங்களா? நான் சந்திரம்மாள் பேசுறேன்" என்றது கோபமான குரல். "இன்னாய்யா மெஷின் வுட்டுகினு கீறீங்க? இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்டும் நான்தான். ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆவல, நாலு தபா நின்னுபோச்சு. ஒரு ஈ பறந்தா நிக்குது. புகை வந்தா நிக்குது. இப்டி நின்னுகினே இருந்தா நான் எப்ப வேலய முடிச்சு எப்ப வூட்டுக்குப் போறது?"

கொம்பையா பதில் சொல்ல வாயைத் திறந்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நிக்கட்டும்க்கா" என்றான். "நல்லா நிக்கட்டும்."